செவ்வாய் இரண்டு மணிக்கு இரண்டு வகுப்பு

போன மாதம் நான் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். பாடம் எடுக்கத்தான். சிரிக்காதீர்கள் பிள்ளைகள்... என் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது என்பது இந்தப் பக்கத்தை ஒழுங்காக வாசிக்கும் உங்களுக்குத் தெரியும். ஆகவே நடந்ததை முதலிலிருந்தே சொல்கிறேன்.

என் மூத்த மகள் அபிநயா. இங்கே ஜெர்மனியில் சில பள்ளிக்கூடங்களில், கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைகளைக் கடைசி வருடத்திலேயே கிழமைக்கு ஒருநாள் பல்கலைக்கழக வகுப்புக்கு அனுப்புவார்கள். அங்கே சோதனையும் எழுதலாம். பாஸ் பண்ணினால், பிறகு பல்கலைக்கழகம் போகும்போது அந்தப் பாடத்தைத் திரும்பப் படிக்கத் தேவையில்லை. அபிநயா அப்படித்தான் கணிதம் முதற் பாகம் படித்து, செப்டம்பர் கடைசியில் சோதனை எழுதினாள்.

ஒக்டோபரில் அவளே பல்கலைக்கழக மாணவி. முதல் வேலை, வகுப்புகளுக்குப் பெயர் பதிவது. கடைசி நாள் வெள்ளிக்கிழமை. ரிசல்ட் வர இன்னும் நாலு கிழமை.

இப்போது என்ன செய்வது? பாஸ் என்று நம்பி இரண்டாம் பாகத்துக்குப் பதிந்தால், பெயில் என்று வரும்போது முதற் பாகத்தில் இடம் இருக்காது. ஒரு வருடம் போய்விடும். பெயில் என்று பயந்து முதற் பாகத்துக்குப் பதிந்தால், பாஸ் என்று வரும்போது இரண்டாம் பாகத்தில் இடம் இருக்காது. அதற்கும் ஒரு வருடம்.

அவள் இரண்டு நாள் கொம்பியூட்டரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கொம்பியூட்டரும் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

"ரெண்டுக்கும் பதி பிள்ளை" என்றேன்.

இது எனக்குத் தெரிந்த ஒரே விஷயம். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து, ஒரு விண்ணப்பத்துக்குப் பதில் வருமுன் அடுத்த விண்ணப்பத்தைப் போட்டு வைத்தவர்கள் நாங்கள். இங்கே அதை 'அன்ட்ராக்' என்பார்கள். என்னிடம் ஒரு கதிரையின் உயரத்துக்கு இருக்கிறது.

"ரெண்டும் செவ்வாய் ரெண்டு மணிக்கு அப்பா."

"அதுக்கென்ன?"

"எனக்கு ஒரு உடம்புதானே இருக்கு."

"ஒண்டில நீ இரு. மற்றதில நான் இருக்கிறன்."

குசினியிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "இவர் போறாராம். மூண்டாம் வகுப்புக் கணக்கு சின்னவனுக்குச் சொல்லிக்குடுத்து, முழுக்கப் பிழையெண்டு திரும்பி வந்தது மறந்துபோச்சாக்கும்."

"நான் சொல்லிக்குடுக்கப் போகேல்ல. பாத்து எழுதப் போறன்."

அவள் இரண்டாம் பாகத்துக்கு, நான் முதற் பாகத்துக்கு என்று முடிவானது. முதற் பாகப் பேராசிரியர் அச்சடித்த குறிப்புகள் கொடுப்பதில்லை. எல்லாம் பலகையில்தான். வந்தவனுக்கு உண்டு, வராதவனுக்கு இல்லை. எனக்கு ஆஸ்பத்திரிக் குசினியில் காலை ஐந்து மணிக்கு வேலை தொடங்கும், மத்தியானம் ஒரு மணிக்கு முடியும். இரண்டு மணிக்கு முன்வரிசையில் இருந்தேன்.

வாசலில் யாரும் என்னை மறிக்கவில்லை. முன்வரிசை முழுக்க என்னிலும் வயதானவர்கள். ஓய்வு பெற்ற பிறகு ஆசைக்குப் படிக்க வருகிறவர்களாம். பக்கத்திலிருந்த வெள்ளைக்காரப் பெரியவர், "நீங்களும் ஓய்வா?" என்று கேட்டார்.

"செவ்வாயில் மட்டும்" என்றேன். விளங்கிக்கொண்டவர் போலத் தலையாட்டினார்.

பேராசிரியர் ஒன்றரை மணி நேரம் நிறுத்தாமல் எழுதினார். முடிந்ததும் பிள்ளைகள் எல்லோரும் மேசையில் தட்டினார்கள். பாடம் பிடிக்கவில்லைப் போலிருக்கிறது என்று நினைத்தேன். பாவம், மனிதர் இவ்வளவு நேரம் நின்றபடி எழுதியிருக்கிறாரே... நான் தட்டவில்லை. கைதட்டுவதற்குப் பதிலாக இங்கே மேசையில்தான் தட்டுவார்கள் என்பது மூன்றாம் கிழமைதான் தெரிந்தது. அதுவரை அந்த மண்டபத்தில் அவரை மதிக்காத ஒரே ஆள் நான்தான்.

பின்னேரம் அபிநயா என் கொப்பியைப் பார்த்தாள்.

"அப்பா, இது என்ன, பெட்டி போட்டு 'அழிக்க வேண்டாம்' எண்டு எழுதியிருக்கிறீங்கள்?"

"பலகையில இருந்தது."

"அது உங்களுக்கு முந்தின வகுப்புக்காரர் எழுதிவிட்டுப் போனது. கணக்கில்லை."

"அழிக்க வேண்டாம் எண்டால் முக்கியமான விசயம்தானே. அதுதான் எடுத்தனான்."

இப்படி நாலு செவ்வாய். பிறகு கடிதம் வந்தது.

அவள் அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்துத்தான் உடைத்தாள். இரண்டு மார்க்கால் பெயில்.

அபிநயா கடிதத்தை மடித்து வைத்துவிட்டுச் சொன்னாள், "எனக்குக் கணக்கு சரிவராது போல. நான் வேற பாடம் மாறப் போறன்."

சில பிள்ளைகள் இப்படித்தான். பதினெட்டு வருடம் கெட்டிக்காரி என்று கேட்டு வளர்ந்தவளுக்கு, இரண்டு மார்க் என்பது இரண்டு மார்க்காகத் தெரியாது. முழு ஆளையும் தள்ளிவிட்டது போலத் தெரியும்.

"மாறு" என்றேன். "முதற் பாகத்தில உன்ர இடம் அப்பிடியே இருக்கு. நாலு கிழமைப் பாடமும் கொப்பியில இருக்கு. வாசிச்சுப் போட்டு மாறு."

இரண்டு நாள் அவள் கொப்பியைத் தொடவில்லை. மூன்றாம் நாள் கொண்டுவந்து என் முன்னால் இருந்தாள்.

"இந்தக் கோடு பலகையில இருந்ததா, நீங்கள் போட்டதா?"

"இருந்தது."

"ஏன் இதில வந்தது?"

"ஏன் எண்டு என்னைக் கேளாதை. இருந்ததா எண்டு மட்டும் கேள்."

கடிதம் வந்த பிறகு அன்றைக்குத்தான் சிரித்தாள். பிறகு குனிந்து வாசித்தாள். இடையில் ஒரு பக்கத்தில் விரலை வைத்து, "இதைத்தான் சோதனையில பிழை விட்டனான்" என்று தனக்குள்ளே சொன்னாள். பாடம் மாறுவதைப் பற்றி அதன் பிறகு கதைக்கவில்லை.

பிள்ளைகள், பெயில் வந்தால் எங்கே போய் இருப்பது என்று முன்கூட்டியே யோசிப்பது, பெயிலாக வேண்டும் என்று நினைப்பதல்ல. ஒரு கதிரையைப் பிடித்து வைப்பது. அவ்வளவுதான்.

அடுத்த செவ்வாய் முதற் பாகத்துக்கு அவளே போனாள். வீட்டுக்கு வந்ததும் கொப்பியை வாங்கிப் பார்த்தேன். பாதிப் பக்கம் வெள்ளையாக இருந்தது.

"என்ன பிள்ளை, அந்த மனிசன் இண்டைக்கு எழுதேல்லையா?"

"எழுதினவர் அப்பா. விளங்கினதை நான் எழுதேல்ல."

என் கொப்பியையும் எடுத்துப் புரட்டிப் பார்த்தேன். நாலு கிழமையில் நான் ஒரு சொல்கூட விட்டதில்லை.