பிலோமினாவின் அரை டம்ளர் ஒயின்

வேப்பம்பட்டிலிருந்து பிலோமினாவின் தம்பி போன் செய்தார். "அக்கா பூட்ச்சுக்கா. காலைல எழுப்பப் போனோம், ஒடம்பு சில்லுனு கீது." தூக்கத்திலேயே போயிருக்கிறாள். அவ்வளவு சுலபமான சாவு அவளுக்குக் கிடைத்ததில் எனக்கு நிம்மதி.

எண்பதுகளில் அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனியில் எங்களோடு சுவிட்ச் பாகங்களைப் பூட்டிய பெண்களுக்கு அவளைத் தெரியும். குரலை உயர்த்தாதவள். கணவர் அந்தோணி ஆவடியில் லேத் ஓட்டினார். சாராயமும் அடியும் தினசரி. அவருக்கு இரண்டாம் ஷிப்ட் வரும் வாரங்களில் மட்டும், விளக்கு வைத்த பிறகு, கதவைச் சாத்திவிட்டு அரை டம்ளர் சிவப்பு ஒயின் குடிப்பாள். லாரி ஓட்டும் தம்பி பெங்களூரிலிருந்து வாங்கிவரும் மலிவுச் சரக்கு. இரண்டு மூன்று வகைத் திராட்சைகளைக் கலந்து செய்தது. முதலில் புளிக்கும், பிறகு லேசாகத் தித்திக்கும்.

"இதுல இன்னாடி போதை? ஊடு அமைதியா கீது பாரு, அதான் போதை" என்பாள்.

ஒருநாள் கரண்ட் இல்லாமல் ஷிப்டை நிறுத்திவிட, அந்தோணி சீக்கிரமே வந்துவிட்டார். பாட்டிலோடு அவளையும் தெருவுக்கு இழுத்து வந்தார். "என் பொண்டாட்டி ஊட்டுக்குள்ளயே ஒயின்ஷாப் வச்சிகினு கீறா, வந்து பாருங்கய்யா!" மிச்ச ஒயினை அவள் தலையில் கவிழ்த்தார். அவர் வாயிலிருந்து வந்த சாராய வாடையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. காலனியே சிரித்தது. அவள் பாடிவந்த மாதா கோயில் பாடல் குழுவுக்கு இனி வரவேண்டாம் என்று அந்த வாரமே சொல்லிவிட்டார்கள்.

சில வருடங்கள் கழித்து அந்தோணியைப் பக்கவாதம் சாய்த்தது. பிலோமினா அவரைக் குளிப்பாட்டினாள், கஞ்சி ஊட்டினாள், புரட்டிப் படுக்க வைத்தாள். உடம்பில் ஒரு புண் வரவிடவில்லை. ஒரு மாலை நான் போயிருந்தேன். கட்டிலுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, டம்ளரில் ஒயினை ஊற்றி மெதுவாகக் குடித்தாள்.

"ஒரு... வாய்..." அந்தோணியின் நாக்கு குழறியது. கண்ணில் நீர் வழிந்தது.

"டாக்டரு வேணான்ட்டாரு நைனா." துண்டால் அவர் கண்ணை மென்மையாகத் துடைத்துவிட்டு, என்னிடம் திரும்பினாள். "அன்னிக்கு ஊரையே கூப்ட்டு வேடிக்கை காட்டுனாரு. இப்ப அவரு ஒருத்தரு பாக்கட்டுமே."

அவர் சாகும்வரை ஒரு மாலையும் அவள் தவறவிடவில்லை.

அவர் அடக்கம் முடிந்த பிறகு ஒருமுறை கேட்டேன், "இன்னாடி, ஒயின வுட்டுட்டியா?"

"வெறும் புளிப்பா கீதுடி. ருசியே இல்ல."

நேற்று அவளுடைய அடக்கத் திருப்பலியில், படுத்த கணவனைக் குழந்தைபோல் காத்த மனைவி என்று ஃபாதர் புகழ்ந்தார். அன்று சிரித்த பெண்களே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அது பொய்யும் அல்ல. அவர்கள் நினைத்து அழுத பிலோமினா அவர்களுக்கே இருக்கட்டும். கெஞ்சும் கணவனைப் பார்த்தபடி கடைசிச் சொட்டை விழுங்கினாளே, அந்த முகம்தான் என்னிடம் இருக்கிறது. அவளை நான் அவ்வளவு சந்தோஷமாக வேறெப்போதும் பார்த்ததில்லை.