பேரீச்சம்பழத்துக்கு சாக்லேட் சட்டை

இரண்டு வாரத்துக்கு முன்பு, செம்பவாங்கில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள பாலிகிளினிக்கில், டாக்டரிடம் ஒரு பொய் சொன்னேன். அதுவும் நோன்பு வைத்துக்கொண்டு!

முழுப் பொய் என்று சொல்ல முடியாது... நோன்பு திறக்க என்ன சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டர் கேட்டார். பேரீச்சம்பழம், பள்ளிவாசல் கஞ்சி, சீனி போடாத தேநீர் என்றேன். மூன்றும் உண்மை. பேரீச்சம்பழம் என்ன உடுப்பில் வந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை.

நான் நான்கு வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவன். டாக்டர் காயத்ரி நம் தமிழ்ப் பெண், என் மகள் வயது இருக்கும். ரமலானுக்கு முன்பே மாத்திரை நேரத்தை மாற்றிக் கொடுத்து, ஒரு நிபந்தனையும் போட்டிருந்தார். தினமும் நோன்பு திறந்து இரண்டு மணி நேரம் கழித்து விரலில் குத்திப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். எண் ஏறிக்கொண்டே போனால் நோன்பை நிறுத்திவிட வேண்டும்.

எனக்கு அதுதான் பயம். பத்து வயதில் வைக்க ஆரம்பித்தவன், காய்ச்சலிலும் விட்டதில்லை. ஆனால் நோட்டில் எண்கள் மாடிப்படி ஏறுவதுபோல ஏறிக்கொண்டிருந்தன. ஏன் ஏறுகிறது என்று டாக்டருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது — சொல்ல வாய் வரவில்லை.

விஷயம் இதுதான். தஞ்சோங் பகார் ஆபீசிலிருந்து வரும் வழியில் ஒருநாள் லிட்டில் இந்தியாவில் இறங்கினேன். ஒரு கடையில் புதுச்சரக்கு. பேரீச்சம்பழத்தைக் கீறி, கொட்டை இருந்த இடத்தில் ஒரு பாதாமை வைத்து, டார்க் சாக்லேட்டில் முக்கி எடுத்திருந்தார்கள். இதயத்துக்கு நல்லது பாய் என்றார் கடைக்காரர். வாட்ஸ்அப்பும் எனக்கு ஏற்கெனவே அதைத்தான் சொல்லியிருந்தது. பேரீச்சம்பழம் நபிவழி சுன்னத், பாதாம் மூளைக்கு, டார்க் சாக்லேட் இதயத்துக்கு... மார்க்கமும் மருத்துவமும் ஒரே வாயில் கிடைத்தால் யார் வேண்டாம் என்பார்கள்? ஒரு பெட்டி வாங்கிவந்தேன்.

முதலில் மூன்றுதான் சாப்பிட்டேன். நோன்பு திறக்கும்போது பேரீச்சம்பழத்தை ஒற்றைப்படையில் சாப்பிடுவது எங்கள் வழக்கம். நாலைந்து நாளில் கை நான்காவதைத் தேடியது. நான்கு இரட்டைப்படை ஆயிற்றே, வழக்கத்தை மீறலாமா? அதனால் ஐந்து.

அன்று டாக்டர் அறையில் என் மனைவி ஹமீதா பக்கத்து நாற்காலியில் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் பேசாமல் இருந்தபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஹேண்ட்பேக்கைத் திறந்தாள். அந்தச் சாக்லேட் பழப் பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"டாக்டர், இவரு சொல்ற பேரீச்சம்பழம் இதுதான். நீங்களே பாருங்க லா."

மூடி கொஞ்சம் திறந்திருந்தது. வெறும் வயிற்றில் அந்த வாசனை வேறு! வெட்கப்படுவதா, எச்சில் விழுங்குவதா என்று தெரியாமல் சுவரில் இருந்த கண் பரிசோதனை அட்டையைப் படித்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் பெட்டியைத் திருப்பினார். நான் முன்பக்கத்துத் தங்க எழுத்தோடு நின்றுவிட்டவன். பின்பக்கத்தை ஒரே ஒரு முறை மேலோட்டமாகப் பார்த்ததோடு சரி. சர்க்கரை எட்டு கிராம் என்று இருந்தது, பெட்டிக்கே எட்டுதானா என்று சந்தோஷப்பட்டேன். அது ஒரு பழத்துக்காம். எது அதிகமோ அதைத்தான் பட்டியலில் முதலில் போடுவார்களாம். அந்த சாக்லேட் பூச்சில் சீனி முதலில், எண்ணெய்க் கொழுப்பு அடுத்து, கொக்கோ அதற்கும் பின்னால் வெட்கப்பட்டுக்கொண்டு நின்றது. கொக்கோவில் நல்லது இருக்கிறது, நான் இல்லை என்று சொல்லவில்லை என்றார் டாக்டர். ஆனால் அந்த நல்லதை இந்தப் பெட்டியிலிருந்து எடுக்கப் போனால், அதற்கு முன்பே சீனி ஆளைத் தூக்கிவிடும். ஐந்து பழத்துக்கு ஏறக்குறைய எட்டு டீஸ்பூன் சீனி. பழத்துடையதும் பூச்சுடையதும் சேர்த்து. அதை விழுங்கிவிட்டுத்தான் நான் கோப்பிக் கடையில் பாலும் சீனியும் இல்லாத "தே ஓ கோசோங்" என்று நாலு பேர் காதில் விழும்படி ஆர்டர் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

டார்க், நேச்சுரல், ஹோம்மேட் — முன்பக்கத்தில் ஒரு நல்ல வார்த்தை இருந்தால் போதும், நாம் பெட்டியைத் திருப்புவதே இல்லை. உண்மையா இல்லையா?

சரி, ஏன் ஐந்து என்று டாக்டர் கேட்டார். கடைசி ஆயுதத்தை எடுத்தேன். ஒற்றைப்படை வழக்கத்தைப் பள்ளிவாசலில் செய்யும் ஒரு பயான் அளவுக்கு விளக்கினேன். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"ஒண்ணும் ஒத்தப்படைதானே, அங்கிள்?"

ஹமீதா துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

பிறகு டாக்டர் சிரிக்காமல் பேசினார். ஒரே ஒரு பேரீச்சம்பழம், பூச்சு இல்லாதது. கஞ்சி அரைக் கிண்ணம். ஒரு வாரம் பார்ப்போம், எண் இறங்காவிட்டால் மீதி நோன்பு வேண்டாம் என்றார். குரலை உயர்த்தவே இல்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். தலையை ஆட்டிவிட்டு நோட்டை எடுத்துக்கொண்டேன்.

அன்று மாலையே பெட்டியைப் பள்ளிவாசலுக்குக் கொண்டுபோய் வரிசையில் நீட்டினேன். கஞ்சி வருவதற்குள் காலி. என் பக்கத்தில் இருந்தவர் இரண்டு எடுத்தார், இரட்டைப்படை என்று சொல்லிப் பார்த்தேன், மூன்றாக்கிக்கொண்டார். அந்த ஏழு நாளும் ஒரு பழத்தைப் பத்து முறை மென்றேன். கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை.

இந்தச் செவ்வாய்க்கிழமை டாக்டர் நோட்டைப் புரட்டினார். எண்கள் இறங்கியிருந்தன. தொடர்ந்து வைங்க அங்கிள் என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கவும் இல்லை.

விடியற்காலையிலிருந்து பதின்மூன்று மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருப்பது எனக்கு ஒரு விஷயமே இல்லை. நோன்பு திறக்கப் பாங்கு சொன்ன பிறகு ஒரு பத்து நிமிடம் வருகிறதே... அந்த நோன்புதான் கஷ்டம்.