பூச்சாட்டி எட்டாம் நாள்

"மே 16, வெள்ளி. வக்கீல் ஆபீஸ் ஒலிப்பதிவு, 38 நிமிடம். காணாமல் போனவரின் அம்மா பேசியது. பகல் 11.20க்குத் தொடங்கி 3.45க்கு அனுப்பினேன். தெளிவில்லாத இடம் இரண்டு. 'பூச்சாட்டி எட்டாம் நாள்' = மார்ச் 25, செவ்வாய். கணக்குப் போட்டுத் தேதியாகப் பதிந்தேன்."

என் வேலை நோட்டில் இருக்கும் குறிப்பு இது. கடைசி வரியின் கீழ் ஒரு கோடு இழுத்திருக்கிறேன். பிடித்துப்போன வேலைக்குத்தான் அப்படிக் கோடு இழுப்பேன்.

மல்லசமுத்திரத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் பதினோரு வருடமாகத் தட்டச்சும் ஒலிப்பதிவை எழுத்தாக்கும் வேலையும் செய்கிறேன். கல்லூரிக்காரர்களின் ஆய்வேடு, கோயில் சொற்பொழிவு, சங்கக் கூட்டம், வக்கீல் வீட்டுப் பதிவுகள். ஹெட்போனை மாட்டி, வேகத்தைக் குறைத்து, ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு முறை கேட்பேன். புரியாத இடத்தில் அடைப்புக்குறி போட்டு "தெளிவில்லை" என்று நிமிடத்தோடு எழுதுவேன். கேட்டதை அடி, தெரிந்ததை அடிக்காதே என்று திரைக்கு மேலே நானே எழுதி ஒட்டிவைத்திருக்கிறேன்.

எனக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. சுற்றுவட்டாரத்தில் எந்த ஊரில் எப்போது நோம்பி என்கிற கோயில் திருவிழா, முதல் மழை என்று பெய்தது, ஏரி என்று நிரம்பியது என்று குறித்துவைப்பேன். யாரும் கேட்டதில்லை. கிடைத்த ஊர் வரலாற்றுப் புத்தகங்களை எல்லாம் படித்து, அவற்றில் நாளும் கிழமையும் பொருந்தாத இடங்களில் பென்சிலால் கேள்விக்குறி போடுகிறவள் நான்.

அந்த ஒலிப்பதிவில் பேசிய அம்மாவின் ஊர் இங்கிருந்து ஆறு கிலோமீட்டர். அவருடைய மகனுக்கு இருபத்தேழு வயது. திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஒன்றில் ஆழ்துளைக் கிணறு போட ஒடிசா பக்கம் போனவர். கடைசியாகப் பேசியபோது, வண்டியை விட்டு இறங்கிவிட்டேன், ஊருக்கு வந்துகொண்டிருக்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். பிறகு தகவல் இல்லை. அம்மாவிடம் போன் கிடையாது. பக்கத்து வீட்டு மருமகளின் போனுக்கு, யாரோ ஒருவருடைய எண்ணிலிருந்து அந்த அழைப்பு வந்தது.

அது என்றைக்கு என்று வக்கீல் கேட்கிறார். "பூச்சாட்டி எட்டா நாளுங்க. கம்பம் நட்ட அன்னைக்கு" என்கிறார் அம்மா.

எங்கள் பக்கத்தில் மாரியம்மன் நோம்பியைப் பூச்சாட்டித் தொடங்குவார்கள். அம்மன் முன் பூப்போட்டு, தப்படித்து ஊருக்கு அறிவிப்பது. அன்றிலிருந்து எண்ணி எட்டாம் நாள் கோயில் முன்னால் கம்பம் நடுவார்கள். அந்த ஊரில் பங்குனி முதல் செவ்வாய் பூச்சாட்டு என்பது என் நோட்டில் நான்கு வருடமாக இருக்கிறது. அந்த வருடம் அது மார்ச் 18. எட்டாம் நாள் 25. விரல்விட்டு எண்ணிப் பார்த்துத் தட்டினேன். அம்மா சொன்ன சொற்களை எடுத்துவிட்டுத் தேதியை வைத்தேன்.

"பிரமாதம்க்கா. வக்கீலு இந்த நோம்பி நொடியெல்லாம் படிக்க மாட்டாரு" என்றார் வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா.

அனுப்பிய மூன்றாம் நாள் ஒலிப்பதிவை அழித்தேன். அடுத்தவர் பேச்சு என் கணினியில் தங்கக்கூடாது என்பது நான் வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்திருக்கும் வாக்கு.

ஜூலை 8, செவ்வாய், காலை பத்தேகாலுக்கு ஒரு பெண்மணி எங்கள் வாசலில் வந்து நின்றார். கையில் பிளாஸ்டிக் பை. குரலைக் கேட்டதும் எனக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. முப்பத்தெட்டு நிமிடம் இரண்டு இரண்டு முறை கேட்ட குரல்.

"நீங்கதானுங்களா அம்மிணி, என்ர பேச்ச எழுதுனது?"

"ஆமாங்க. உள்ள வாங்க."

"உக்கார வல்லீங்க. ஒண்ணு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். நான் எப்பச் சாமி தேதி சொன்னேன்?"

மகனைத் தேடித் தரச் சொல்லி வக்கீல் போட்ட மனுவின் நகலைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். என் வரி அதில் அப்படியே இருந்தது.

நடந்தது இதுதான். ரிக் முதலாளி தன் வருகைப் பதிவேட்டைக் காவல் நிலையத்தில் காட்டியிருக்கிறார். அதில் மகனின் கையெழுத்து மார்ச் 29 சனிக்கிழமை வரை இருக்கிறது. 25ஆம் தேதியே வண்டியை விட்டு இறங்கியதாகப் பேசினார் என்று அம்மாவின் மனு சொல்கிறது. அம்மா யாரோ சொல்லிக்கொடுத்துப் பேசுகிறார் என்று போலீஸார் முடிவுகட்டிவிட்டார்கள். அத்தோடு தேடுவதும் நின்றுபோனது.

"பொய் சொல்றியாம்மான்னு கேக்கறாங்க. எல்லாரும் இருக்கறப்ப கேக்கறாங்க. எனக்கு வெள்ளிக்கெழமை தெரியும், அமாவாசை தெரியும். இருபத்தஞ்சு எனக்கு எப்புடித் தெரியும்? எட்டா நாள்னுதானுங்களே சொன்னேன்?"

"எட்டாம் நாள்னுதாங்க சொன்னீங்க."

"அப்புறம்?"

நோட்டை எடுத்துக் காட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது என்பது காட்டிய பிறகுதான் உறைத்தது. நானே வாசித்தேன். கேட்டுவிட்டு அவர் மனுவை மடித்துப் பையில் வைத்தார்.

"இந்த வருசம் முதல் செவ்வா சாட்டலீங்களே சாமி. ஊருல சாவு உழுந்துருச்சு. தள்ளித்தானே சாட்டுனாங்க."

என் நோட்டில் நான்கு வருடம் இருந்தது. ஐந்தாம் வருடம் இல்லை. இருப்பதாக நினைத்துக்கொண்டேன்.

"எத்தனை வாரம் தள்ளுனாங்க?"

"நான் என்னத்தக் கண்டேன்? என்னைக்குச் சாட்டுனாங்களோ அன்னையில இருந்து எட்டு எண்ணுனேன்."

தண்ணீர் கொடுத்தேன். வாங்கித் திட்டின் மேல் வைத்துவிட்டுப் போனார்.

அன்று பிற்பகலே குமாஸ்தாவைக் கூப்பிட்டேன். மூல ஒலிப்பதிவு இருந்தால் அம்மா சொன்ன சொல் அப்படியே இருக்கும். "போன மாத்தியாச்சுக்கா. பழசு எல்லாம் போச்சு. உங்ககிட்டத்தான் இருக்கும்னு நெனச்சேன்" என்றார். பதினோரு வருடம் நான் பெருமையாகச் சொல்லிவந்த ஒழுங்கு அந்த ஒரே சாட்சியைத் துடைத்துவிட்டது. அழித்ததை மீட்கும் மென்பொருளை வைத்து இரண்டு நாள் முட்டிப் பார்த்தேன். கிடைத்ததெல்லாம் ஒரு கும்பாபிஷேகச் சொற்பொழிவும் ஒரு பேராசிரியரின் இருமலும்.

இப்போது பேச்சைத் தானே எழுத்தாக்கும் மென்பொருள்கள் வந்துவிட்டன. அவற்றின் பிழைகளைத் திருத்துவதுதான் என் வேலையில் பாதி. அவை "பூச்சாட்டி எட்டாம் நாள்" என்பதைக் குதறி வைத்திருக்கும். ஆனால் மார்ச் 25 என்று எழுதியிருக்காது. அந்த ஊர் நோம்பி அவற்றுக்குத் தெரியாது.

வக்கீலிடம் நோட்டோடு போனேன். தவறு என்னுடையது என்று பிரமாணப் பத்திரம் தருகிறேன் என்றேன். அவர் நோட்டைப் புரட்டிப் பார்த்தார்.

"நல்லாத்தான் எழுதி வெச்சிருக்கறீங்க. ஆனா தப்புன்னு மட்டும் சொன்னா ஆகாதுங்க. செரியான தேதி எதுன்னு கேப்பாங்க. இன்னொரு தடவை மாத்தறதுன்னா ஆதாரத்தோட ஒரே தடவையா மாத்தோணும். திரும்பவும் தப்பாச்சுன்னா அந்தம்மா பேச்ச ஒரு ஆளு கேக்க மாட்டான்."

ஜூலை 13, ஞாயிறு, அந்த ஊருக்குப் போனேன். கோயில் சுவரில் நோம்பி நோட்டீஸ் பாதி கிழிந்து ஒட்டியிருந்தது. பூச்சாட்டு மார்ச் 18, கம்பம் 25 என்று அச்சாகியிருந்தது. அடித்த நோட்டீஸைத் திரும்ப அடிக்கவில்லை, வாயால் சொல்லித் தள்ளிவைத்தார்கள். அச்சில் வந்த சாட்சியும் என் பிழையின் பக்கமே நின்றது. அதைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. ஒரு நிமிடம், ஒருவேளை நான்தான் சரியோ என்றுகூட நினைத்தேன். அந்த நினைப்பை எழுதாமல் விட முடியவில்லை.

சாவு விழுந்த வீட்டில் இறப்புச் சான்றிதழ் காட்டினார்கள். மார்ச் 17, திங்கள். ஆக 18ஆம் தேதி பூச்சாட்டவில்லை. அதுவரை உறுதி.

பூசாரி கோயில் முன்னால் இருந்தார். "அடுத்த செவ்வாயே சாட்டிட்டோமுங்க. ஒரே வாரம்" என்றார்.

தப்படிப்பவர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். "யாரு சொன்னா? அடுத்த செவ்வா நான் கெங்கவல்லிப் பக்கம் ஒரு நோம்பிக்கு அடிக்கப் போயிட்டேன். நானில்லாம எப்புடிச் சாட்டுவாங்க? அதுக்கடுத்த செவ்வாதான்."

"இவனில்லாட்டி ஆத்தா காத்துக்கிட்டு இருப்பாளா? வேற ஆள வெச்சு அடிச்சம்யா" என்றார் என் பின்னாலேயே வந்த பூசாரி.

"எந்த ஆளுங்க? பேரச் சொல்லுங்க" என்றார் தப்படிப்பவர்.

பூசாரியால் பெயர் சொல்ல முடியவில்லை. தப்படிப்பவரால் கெங்கவல்லிப் பக்கம் எந்த ஊர் என்று சொல்ல முடியவில்லை. "வேன்ல ஏத்திக்கிட்டுப் போனாங்க, எறக்கி உட்டாங்க. ஊரு பேர யாரு கேட்டா?" இருவரும் பொய் சொல்கிறவர்களாகத் தெரியவில்லை. சுற்றியிருந்தவர்களிடம் கேட்டேன். ஒரு வாரம் என்றவர்கள் ஐந்து பேர், இரண்டு வாரம் என்றவர்கள் நான்கு பேர். தெரியாது என்றவர்களை எண்ணவில்லை.

பக்கத்து வீட்டு மருமகளையும் பார்த்தேன். அந்தப் போன் சித்திரையிலேயே தண்ணீர்த் தொட்டியில் விழுந்து கெட்டுவிட்டது. வந்த அழைப்புகளின் பட்டியலைக் கம்பெனி அவருக்குத் தராது, காவல் துறை கேட்டால்தான் தரும்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் லாரி புக்கிங் ஆபீஸில் இருப்பவர், தேதிகளோடு பழகியவர். "ஒரு வாரந்தானே முன்னப் பின்ன. அதுக்கா இந்த அலைச்சல்?" என்றார்.

தாளில் எழுதிக் காட்டினேன். மகனின் கடைசிக் கையெழுத்து மார்ச் 29. ஒரு வாரம் தள்ளியிருந்தால் எட்டாம் நாள் ஏப்ரல் 1. வண்டியை விட்டு இறங்கி மூன்று நாளில் பேசியிருக்கிறார், வழியில் எங்கோ ரயில் பாதையில் தேட வேண்டும். இரண்டு வாரம் என்றால் ஏப்ரல் 8. அப்படியானால் பத்து நாள் எங்கோ ஒரு ஊரில் இருந்திருக்கிறார், சாப்பிட்டிருக்கிறார், யாரோ போன் கொடுத்திருக்கிறார்கள். தேட வேண்டிய இடமே வேறு. கணவர் தாளைத் திருப்பி வைத்தார்.

ஆகஸ்ட் 4, திங்கள், திருத்த மனு போனது. சரியான தேதி கிடைக்காததால், நான் கேட்டுக்கொண்டபடி வக்கீல் இரண்டு தேதிகளில் எதையும் போடவில்லை. "பூச்சாட்டி எட்டாம் நாள்" என்று அம்மா சொன்னதையே போட்டார், என் பிரமாணப் பத்திரத்தோடும் இறப்புச் சான்றிதழோடும். நான் மே மாதத்தில் அடித்திருக்க வேண்டிய வரி. அதே விசைப்பலகையில் அன்றுதான் அடித்தேன்.

அதற்குப் பிறகு அம்மா இரண்டு முறை வந்தார். இரண்டாம் முறை உள்ளே வந்து உட்கார்ந்தார். "அன்னைக்கு அவன் கொரலு நல்லாத்தானுங்க இருந்துச்சு. சாப்பிட்டியா சாமின்னேன், சாப்புட்டேன்னான். அதையும் எழுதீருக்கறீங்களா?" என்று கேட்டார். எழுதியிருந்தேன். பன்னிரண்டாம் பக்கம், நான்காம் வரி. மூன்று முறை வாசிக்கச் சொன்னார்.

அழைப்புப் பட்டியல் கேட்டுக் கடிதம் போய்விட்டது என்று காவல் நிலையத்தில் சொன்னதாகக் குமாஸ்தா சொல்கிறார். அதன் நகலை நான் பார்க்கவில்லை. அந்த அழைப்பு வந்தது ஏப்ரல் 1ஆ, ஏப்ரல் 8ஆ என்பது இதை எழுதும் இன்றுவரை உறுதிசெய்யப்படவில்லை. நோட்டில் அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.