கிழியாத புத்தகங்கள்

நான் வேலையில் சேர்ந்த அன்று நூலகத்தில் புத்தகம் இல்லை. ஒரு மேஜை, பெஞ்சு, காலி அலமாரி. கும்மிடிப்பூண்டி ரயிலடிக்குப் பக்கத்தில் வாடகைக் கட்டடம். நான் அட்டெண்டர். படிப்பு ஐந்தாவது. பெருக்குவது, குடத்தில் தண்ணீர் பிடித்து வைப்பது, புத்தகம் எடுத்துக் கொடுப்பது என் வேலை. நூலகர் சுந்தரேசன் சார். நடந்தது ஐம்பதுகளில். இப்போது வேலைக்கு வருகிறவர்கள் கேட்டதால் எழுதுகிறேன்.

முதல் இண்டென்ட்

இன்ன புத்தகம் வேண்டும் என்று எழுதி அனுப்புவதற்கு இண்டென்ட் என்று பெயர். சார் அதைக் கேட்டலாக் பார்த்து எழுதமாட்டார். பட்டணம் போய்க் கடையில் உட்கார்ந்து, ஒவ்வொரு புத்தகமாகப் பிரித்துப் பார்ப்பார். பிள்ளைகள் புத்தகம் என்றால் எழுத்து பெரிதாக இருக்க வேண்டும். படமும் அதற்கான வரியும் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். இந்தப் பக்கம் படித்தால் அடுத்த பக்கம் புரட்டத் தோன்ற வேண்டும்.

"புத்தி சொல்ற புஸ்தகம் வேணாம் முனுசாமி. அதைத்தான் வீட்ல சொல்றாங்களே" என்பார் என்னிடம்.

பார்சல் வந்தது. ரயில் இன்ஜின் எப்படி ஓடுகிறது, மழை எங்கிருந்து வருகிறது, முட்டை எப்படித் தவளை ஆகிறது. அட்டை மெல்லிசு. உள்ளே எல்லாம் படம். பிள்ளைகள் என்னை மொய்த்தார்கள். அவர்களுக்கு நான் நைனா.

"நைனா, இஞ்சின் புக்கு எனுக்கு! நேத்தே சொல்லி வெச்சிக்கீறேன்!"

"நீ மொதல்ல மூக்க சிந்திக்கினு வாடா" என்பேன்.

கருவாட்டு வியாபாரி காதர் பாய் ஒரு நாள் மகளைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார். பெயர் ஜைனம்பு. மூன்றாவது படிக்கிறாள். எழுத்துக் கூட்ட வராது.

"வாத்யாரு கைய விரிச்சிட்டாரு சார். ஊட்ல எல்லாரும் நிறுத்திருன்றாங்கோ. நீங்க இன்னா சொல்றீங்கோ?"

"ரம்ஜான் வரைக்கும் பொறுங்க பாய். சாயங்காலம் இங்க அனுப்புங்க. அப்புறம் நீங்களே படிக்கச் சொல்லிப் பாருங்க" என்றார் சார்.

"படிச்சான்னா பள்ளிக்கூடம். இல்லேன்னா ஊடு. பேச்சு மாற மாட்டேன்."

ஜைனம்பு தவளைப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டாள். முதலில் படத்தைப் பார்த்துத் தானாகவே எதையோ சொன்னாள். பிறகு விரல் வைத்துக் கூட்டினாள்.

"நைனா, இதுக்கு வாலு கீதே, அது அப்புறம் எங்க போவுது?"

"அடுத்த பக்கத்துல போட்டுக்கீது. படி."

படித்தாள். அதை முடித்து மழைப் புத்தகம் எடுத்தாள். மற்றப் பிள்ளைகளும் இதே புத்தகங்களுக்குத்தான் அடித்துக்கொண்டார்கள். அட்டை பிய்ந்தது. பசை காய்ச்சி ஒட்டினேன். மறுபடி பிய்ந்தது.

வெரிஃபிகேஷன்

வருஷா வருஷம் ஜில்லா ஆபீசிலிருந்து ஆபீசர் ஒருவர் வந்து இருப்பைச் சரிபார்ப்பார். பெரியவர்கள் பக்கம் புத்தகங்கள் எல்லாம் புதுசு போல நின்றன. தலையாட்டினார். பிள்ளைகள் பக்கம் வந்தார்.

"என்னய்யா இது? லைப்ரரியா, பழைய பேப்பர் கடையா?"

"பசங்க படிச்சிருக்காங்க சார்" என்றார் சுந்தரேசன் சார்.

"படிச்சா கிழியுமா? நானுந்தான் படிச்சேன்."

"தினமும் வராங்க சார். நீங்க சாயங்காலம் இருந்து பார்த்தீங்கன்னா..."

"சர்க்கார் சொத்துய்யா. கிழிஞ்சது அத்தனையும் கண்டெம். விலையை உம்ம சம்பளத்துல பிடிக்கச் சொல்றேன்."

கண்டெம் செய்த, அதாவது உதவாது என்று கழித்த புத்தகம் நூலகத்தில் இருக்கக் கூடாது. கோணியில் போட்டுக் கட்டி நானே ஜில்லா ஆபீசுக்கு ரயிலேற்றினேன். தவளை, மழை, இன்ஜின் எல்லாம் அதில் போயிற்று. சாருக்கு நிறையப் பிள்ளைகள். அந்தச் சம்பளத்தில் பிடித்தார்கள்.

இரண்டாவது இண்டென்ட்

இந்தத் தடவை சார் பட்டணம் போகவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே கேட்டலாக் பார்த்து எழுதினார். பார்சலைப் பிரித்தேன். காலிகோ துணி ஒட்டிய கெட்டி அட்டை. பொடி எழுத்து. படம் இல்லை. சுகாதாரம், சிக்கனம், கீழ்ப்படிதல்.

"பசங்க இதப் படிக்க மாட்டாங்களே சார்" என்றேன்.

"படிக்க மாட்டாங்க. அதுக்குத்தான்."

ஜைனம்பு வந்து புதுசில் ஒன்றை எடுத்தாள். புரட்டினாள். வைத்தாள்.

"இதுல ஒண்ணுமே இல்லியே நைனா."

பெஞ்சில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துவிட்டுப் போனாள். அப்புறம் வரவில்லை.

ரம்ஜான் முடிந்து காதர் பாய் அவளோடு வந்தார். அலமாரியில் கைக்கு வந்ததை எடுத்து நீட்டினார்.

"படிம்மா."

"சு... சுகா..." நின்றுவிட்டாள். வரி எல்லாம் எறும்பு போல இருந்தது.

"பாய், தவளை புக்கு இருந்தா கடகடன்னு படிப்பா. நானே கேட்டுக்கீறேன்" என்றேன்.

"அந்த புக்குல வர்றது இந்த புக்குல வராதுன்னா அது இன்னா படிப்பு? மனப்பாடம் பண்ணிக்கினா. நீங்க சொல்லுங்கோ சார்."

சார் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை அவர் சொல்லியிருந்தால் பாய் கேட்டிருப்பார். சொல்லவில்லை.

"அத்தா, இன்னொரு தபா" என்றாள்.

"போதும்மா. வா."

மறுநாளிலிருந்து அவள் பள்ளிக்கூடம் போகவில்லை.

அடுத்த வெரிஃபிகேஷனில் ஆபீசர் அலமாரியைத் திறந்து பார்த்துச் சாரின் முதுகில் தட்டினார். "இப்பத்தான்யா லைப்ரரி மாதிரி இருக்கு." அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் சாருக்கு நல்ல பெயர். சாயங்காலத்தில் யாரும் வராததால் எனக்குப் பெருக்குகிற வேலை குறைந்தது.

நான் கற்றது ஒன்றுதான். பிள்ளைகளுக்குப் புத்தகம் எடுக்கும்போது கெட்டி அட்டையைப் பார்க்காதீர்கள். போன வருஷம் எது கிழிந்ததோ அதையே இரண்டு பிரதி இண்டென்டில் எழுதுங்கள். சம்பளத்தில் பிடிப்பார்கள். தாங்க முடிந்தால் எழுதுங்கள். சாரால் முடியவில்லை. முடிந்தவர் ஒருவரையும் என் சர்வீசில் நான் பார்க்கவில்லை.