சின்னக் கைக்கு ஒரு செட்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் துரை குடியிருந்த பழைய பங்களாவை ஹோட்டலாக்கியபோது, அதன் கீழே இருந்த புல்வெளியில் அங்கங்கே இரும்புக் கம்பங்களை நட்டார்கள். ஒவ்வொரு கம்பத்திலும் ஒரு கூடை. கூடைக்கு மேலே சுற்றிலும் சங்கிலிகள். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஆளுக்கொரு விளக்கம் சொன்னார்கள். கொழுந்து நிறுக்கிற புது மெஷின் என்றார் ஒருவர். குரங்கு பிடிக்கிற பொறி என்றார் இன்னொருவர். கடைசியில் அது ஒரு விளையாட்டு என்று தெரிந்தது. தட்டு போன்ற டிஸ்க்கைத் தூரத்தில் நின்று வீசவேண்டும். அது சங்கிலியில் பட்டுக் கூடைக்குள் விழவேண்டும். குறைந்த வீச்சில் விழவைக்கிறவருக்கு வெற்றி. இதற்கா இவ்வளவு இரும்பைச் செலவழித்தார்கள் என்று எல்லோருக்கும் ஏமாற்றமாகப் போய்விட்டது.

எனக்கு மட்டும் ஏமாற்றமில்லை. ஏனென்றால் அந்த விளையாட்டு மாமாவின் பொறுப்பில் இருந்தது. மாமா, அம்மாவின் தம்பி, எங்களோடுதான் இருந்தார். பங்களாவில் அவருக்கு இன்ன வேலை என்று கிடையாது. பெட்டி தூக்குவார், பல்பு மாற்றுவார், வெள்ளைக்காரர்களுக்கு அட்டை கடித்தால் உப்புக் கொண்டு ஓடுவார். அப்போது நான் ஐந்தாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். மாமா என்னுடையவர் என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இருக்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அவருடைய தோளில்தான் என் பை தொங்கும். அவர் கடையிலிருந்து வாங்கி வருகிற பொரித்த ரோல்ஸில் பெரிய பாதி எனக்குத்தான்.

பங்களா ஸ்டோரில் பஞ்சு போல இலேசான ஒரு ரெஜிபோம் பெட்டி நிறைய டிஸ்க்குகள் கலந்து கிடந்தன. வருகிறவர்கள் கைக்கு வந்ததை எடுத்துக்கொண்டு போய், ஒன்றும் சரியாகப் பறக்கவில்லை என்று திரும்பி வந்து குறை சொன்னார்கள். அதனால் எல்லாவற்றையும் பிரித்து, ஒரு பையில் எல்லா வேலைக்கும் ஆகிற மாதிரி செட் செட்டாகப் போட்டு வைக்கும்படி மெனேஜர் மாமாவிடம் சொல்லிவிட்டார். மாமாவுக்கு அதைப்பற்றி ஒன்றும் தெரியாது. தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில்தான் சிக்னல் வரும். அங்கே நின்று போனில் வீடியோ பார்த்துப் படித்தார். மீதியை நாங்கள் இருவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் வீசி வீசியே கண்டுபிடித்தோம்.

விளிம்பு கத்தி போல மெலிந்திருப்பது தூரத்துக்கு. ஆனால் வேகமாக வீசத் தெரியாதவன் கையில் அது கோபித்துக்கொண்டு இடது பக்கம் திரும்பி விழுந்துவிடும். விளிம்பு தடித்து மொத்தமாக, தட்டையாக இருப்பது மெதுவாக நேரே போகும். கூடைக்குப் பக்கத்தில் வந்த பிறகு அதைத்தான் எடுக்கவேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒன்று வேண்டும். வலது பக்கம் வளைகிறது ஒன்று, எதிர்காற்றில் அசையாமல் போகிற கனமானது ஒன்று. எல்லாமே தூரம் போகிறதாக எடுத்தால் கூடைக்குப் பக்கத்தில் நின்று முழிக்கவேண்டியதுதான் என்பார் மாமா.

கீறல் விழுந்தவற்றை விருந்தாளிகளுக்குக் கொடுக்க முடியாது, நீயே எடுத்துக்கொள் என்று மெனேஜர் சொல்லியிருந்தார். மாமா அதிலிருந்து தனியாக ஒரு செட் சேர்க்க ஆரம்பித்தார். பாரம் குறைந்தவையாகப் பார்த்துப் பொறுக்கினார்.

"சின்னக் கைக்கு ஏத்த மாதிரி ஒரு செட்டு புள்ள. நீ எறிஞ்சு பாரு."

நான் எறிந்தேன். ஓடிப்போய்ப் பொறுக்கி வந்து மறுபடியும் எறிந்தேன். நான் சரி என்றது பைக்குள் போனது. கை நோகிறது என்றது வெளியே போனது. என் கையைப் பார்த்து ஒருவர் ஒரு பொருளைத் தேர்ந்தெடுப்பது அதுதான் முதல் தடவை. அதுவரை எனக்கு வந்ததெல்லாம் யாருடைய அளவுக்கோ தைத்ததாகவே இருந்தது. ஆரஞ்சு நிறத்தில் மெல்லிய விளிம்போடு ஒன்று இருந்தது. அதையும் கேட்டேன்.

"ஒனக்கு அது ஏறாது. ரொம்ப வேகம் வேணும். அத வச்சா செட்டே கெட்டுப்போகும்" என்றார். சரி என்று விட்டுவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை புல்வெளிக்கு ஓர் அக்கா வந்தார். தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் ஐயாவின் மகள். ஏ எல் பரீட்சை எழுதிவிட்டு, முடிவு வரும்வரை பங்களாவில் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர். அவர்களுக்குத் தனிக் குவார்ட்டர்ஸ், வாசலில் ரோஜாச் செடி, கேட். எங்கள் லயத்துப் பக்கம் அவர்கள் வருவதில்லை; நாங்களும் அந்த கேட்டைத் தாண்டியதில்லை. மாமா அந்தப் பையை எடுத்து அக்காவிடம் நீட்டினார். அக்கா அதைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

நான் பார்த்தேன். அக்காவுடைய கையும் சின்னதாகத்தான் இருந்தது.

அன்றிலிருந்து எனக்கு வயிறு எரிய ஆரம்பித்தது. அக்காவுடைய ஒவ்வொன்றும் பிடிக்கவில்லை. நகத்தில் சாயம் பூசியிருந்தது பிடிக்கவில்லை. வீசிய பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது பிடிக்கவில்லை. நான் தப்பாக வீசினால், "கண்ணு எங்க இருக்கு?" என்று கேட்கிற மாமா, அக்கா நேராகப் பள்ளத்துக்குள் வீசினாலும், "பரவாயில்லங்க, காத்து அப்புடி" என்றார். அன்று காற்றே இல்லை. நான் வீசியதை நானே ஓடிப் பொறுக்கவேண்டும். அக்கா வீசியதைப் பொறுக்க மாமா ஓடினார். அக்கா பெட்டிக்குள் கையை விட்டு, "இந்தக் கலர் நல்லாருக்கே" என்று ஆரஞ்சை எடுத்தபோது நான் மாமாவைப் பார்த்தேன். செட்டே கெட்டுப்போகும் என்று இப்போது சொல்வார் என்று காத்திருந்தேன்.

"எடுத்துக்கங்க. இருக்கட்டும்" என்றார்.

அந்த இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. ரோல்ஸில் பெரிய பாதியைக்கூட வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். மாமா கவனிக்காமல் அதையும் தின்றுவிட்டார்.

ஆனாலும் மாமா ஒரு ஞாயிற்றுக்கிழமையும் என்னை விட்டுவிட்டுப் போகவில்லை. காய்ச்சல் என்று படுத்திருந்த நாளில்கூட, சால்வையைச் சுற்றி, வா புள்ள வா என்று தூக்கிக்கொண்டு போனார். நான் இல்லாமல் அவரால் விளையாட முடியாது என்பதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல் இருந்தது.

பிறகு ஒருநாள் தண்ணீர்ப் பைப்படியில் செய்தி வந்தது. கிளாக்கர் ஐயாவுக்கு வட்டவளைப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு மாற்றமாம். வருகிற கிழமை லொறி வருகிறதாம். அவரே கேட்டு வாங்கிய மாற்றம் என்று அம்மா தணிந்த குரலில் பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாள். எவ்வளவு நல்ல மனிதர் என்று நான் நினைத்துக்கொண்டேன். ஒரே ஒரு கவலைதான். அக்கா போகும்போது பையும் போய்விடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்ததுமே நான் நேராகக் கேட்டுவிட்டேன்.

"அக்கா, இன்னைக்கு நீங்களும் நானும் வெளையாடுவோம். யாரு ஜெயிக்கிறாங்களோ அவங்களுக்குத்தான் பை."

"ஏய், என்ன பேச்சு இது?" என்றார் மாமா.

"இல்ல, அவ கேக்கிறது நியாயந்தானே. வெளையாடுவோம்" என்றார் அக்கா. அன்று அவர் வாயைப் பொத்திச் சிரிக்கவில்லை.

அப்படி நான் அதற்கு முன்பும் விளையாடியதில்லை, பின்பும் விளையாடியதில்லை. ஒரே பையிலிருந்துதான் இருவரும் மாறி மாறி எடுத்தோம். எனக்கு ஒவ்வொன்றின் குணமும் தெரியும். மேட்டில் நடுத்தரமானதை எடுத்தேன், காற்று வந்தபோது கனமானதை எடுத்தேன். அக்காவும் அதற்குள் நன்றாகத்தான் பழகியிருந்தார். ஒவ்வொரு தடவை சங்கிலி சலசலத்ததும் யாருக்கு எத்தனை வீச்சு என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டேன். கடைசிக் கூடைக்கு வந்தபோது இருவரும் சமமாக நின்றோம்.

அந்தக் கூடை புல்வெளியின் ஓரத்தில் இருந்தது. அதற்கப்பால் தேயிலை மலை சரிந்து ஆற்றுக்கு இறங்குகிறது. நான் மூன்றாவது வீச்சில் போட்டேன். அக்காவின் முதல் வீச்சே கூடைக்குப் பக்கத்தில் வந்து விழுந்திருந்தது. இனி பையில் இருந்த நீல டிஸ்க்கை, விளிம்பு மொத்தமானதை எடுத்து மெதுவாக உள்ளே விட்டால் போதும். எல்லாம் முடிந்தது என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அக்கா பைக்குள் கையை விட்டார். நீலத்தைத் தொட்டார். பிறகு அதை விட்டுவிட்டு ஆரஞ்சை எடுத்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. தோற்கப்போகிறவள் நான்தான் என்றாலும் தப்பைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"அது இல்லக்கா! அது தூரத்துக்கு. நீலத்த எடுங்க!"

"தெரியும்" என்றார் அக்கா. மாமாவை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் வீசினார்.

அவர் வீசியதிலேயே அதுதான் நல்ல வீச்சு. கூடைக்கு மேலால் தாழ்வாகப் போய், தேயிலைச் செடிகளுக்கு மேலே வெகுநேரம் மிதந்து, இடது பக்கம் சாய்ந்து கீழே எங்கோ இறங்கியது.



"போய்த் தேடுவோமா?" என்று அக்கா கேட்டார்.

"நீ இங்கயே நில்லு புள்ள. பைய பாத்துக்க" என்றார் மாமா.

இருவரும் இறங்கிப் போனார்கள். நான் பையை மடியில் வைத்துக்கொண்டு, என்னுடையது, என்னுடையது என்று ஒவ்வொன்றாக எடுத்துத் தடவிப் பார்த்தேன். கீழேயிருந்து பனிமூட்டம் மெல்ல ஏறிவந்தது. இடுப்பளவு தேயிலைக்கு நடுவே இரண்டு தலைகள் தெரிந்தன. தேடுகிறவர்கள் குனியவேண்டும், அங்கும் இங்கும் நடக்கவேண்டும். இவர்கள் ஒரே இடத்தில் நின்றுகொண்டிருந்தார்கள்.

"இன்னுங் கீழ! இடது பக்கம்!" என்று கத்தினேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பனிமூட்டம் வந்து அவர்களை மூடிவிட்டது. எனக்குக் குளிர் எடுத்தது, பசித்தது, கோபமும் வந்தது.

வெகுநேரம் கழித்து வெறுங்கையோடு வந்தார்கள். அக்காவின் கண் சிவந்திருந்தது. தோற்றுவிட்டதற்காக இவ்வளவு பெரியவர் அழுவாரா என்று எனக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. அக்கா என் தோளில் பையை மாட்டி, வாரைச் சின்னதாக்கி, தலையைத் தடவினார்.

"ஒனக்குத்தான் இது சரியா இருக்கு" என்றார்.

மாமா வீடு வரும்வரை என்னைத் திரும்பிப் பார்க்காமல் முன்னால் நடந்தார். அக்கா தோற்றது அவருக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் கிழமை லொறி வந்து போனது. அடுத்த ஞாயிறு நான் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன்; மாமா போர்வைக்குள்ளிருந்து எழும்பவே இல்லை.

நான் தனியாகப் போனேன். விளையாட மனமில்லாமல் கடைசிக் கூடையைத் தாண்டித் தேயிலைக்குள் இறங்கினேன். அதிக தூரம் போகவேண்டியிருக்கவில்லை. கொழுந்து எடுத்து மட்டமாகக் கிடந்த செடியின் மேலே, மேசையில் வைத்த தட்டு மாதிரி, அந்த ஆரஞ்சு கிடந்தது. அவர்கள் இருவரும் நின்ற இடத்திலிருந்து கையை நீட்டினாலே எட்டியிருக்கும்.

வீட்டுக்கு ஓடிப்போய் அம்மாவிடம் காட்டினேன். இரண்டு பெரிய ஆட்கள் அவ்வளவு நேரம் தேடியும் கண்ணில் படவில்லை என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. போர்வை மூடிக் கிடந்த தம்பியின் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். டிஸ்க்கை என் கையிலிருந்து வாங்கிப் பைக்குள் போட்டு, சிப்பை இழுத்து மூடினாள்.

"இது கெடச்சிச்சின்னு மாமாகிட்ட சொல்லாத."

"ஏம்மா?"

"சொல்லாதன்னா சொல்லாத. போயி மூஞ்சக் கழுவு."

முகம் கழுவும்போது எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. முழு செட்டும் என்னிடம் வந்து சேர்ந்துவிட்டது என்று தெரிந்தால் மாமாவுக்குப் பொறாமையாக இருக்கும்.