சாட்சியைப் பார்த்துச் சிரிக்காத வக்கீலம்மா

செவ்வாய்க்கிழமை இரண்டாவது பீரியடில், ஒன்பதாம் வகுப்பில் இந்திய வரைபடத்தை மாட்டிக்கொண்டிருந்தேன். மருந்துக்கடை பாஷா போன் செய்தார். "சார், வக்கீலம்மா போயிட்டாங்க" என்றார். "எங்க, கோர்ட்டுக்கா? சனிக்கிழமைக்கு ஆள் பார்த்துட்டாங்களான்னு கேளுங்க" என்றேன் நான். பாஷா அழுகிற சத்தம் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. விடியற்காலையில் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள், வழியிலேயே முடிந்துவிட்டது. வழக்கறிஞர் தமயந்திக்கு ஐம்பத்திரண்டு வயது, என்னைவிட நாலு வயது சின்னவர். வரைபடத்தைப் பாதி மாட்டியபடியே விட்டுவிட்டு வெளியே வந்து நின்றேன்.

அவரை வேங்கிக்கால் கோர்ட்டில் கறுப்புக் கோட்டோடு பார்த்தவர்கள் பலர். திருவண்ணாமலையில் எங்கள் அரசுப் பள்ளியில் சனிக்கிழமை காலைகளில் பார்த்தவர்கள் குறைவு. இரண்டு கூட்டத்துக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் அவரும் பாஷாவும், ஒரு கட்டட இன்ஜினியரும் எங்கள் பள்ளிக்கு வந்தார்கள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஊர் கொள்ளாமல் ஆந்திரா ஜனம் வருகிறது, செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தேடி வந்த உலகமே வாடகைக்கு இருக்கிறது, நம் பிள்ளைகளுக்கு இவர்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. வாரம் ஒருவரை அழைத்து வருகிறோம், பிள்ளைகள் கேள்வி கேட்கட்டும் என்றார்கள். சம்பளம் கிம்பளம் ஒன்றும் கிடையாது, அவர்களுக்கே ஆசை. சமூக அறிவியல் என் பாடம் என்பதால் தலைமையாசிரியை என்னிடம் தள்ளிவிட்டார். எனக்கு எரிச்சல். "சிலபஸே முடிஞ்சபாடு இல்ல, இதுல நீங்க வேறயா?" என்றேன். தமயந்தி மேடம் கோபித்துக்கொள்ளவில்லை. "உங்க பீரியட்ல கை வைக்க மாட்டோம் சார். சனிக்கிழமை கொடுங்க, போதும்" என்றார். சரி, நாலு வாரத்தில் ஓடிவிடுவார்கள் என்று ஒத்துக்கொண்டேன்.

முதல் சனிக்கிழமை வந்தவர் நெல்லூர்க்காரர், ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்தார். தமிழ் ஓரளவு வரும். அவரை நடுவில் உட்காரவைத்து, "இவர்தான் இன்னிக்கு சாட்சி. விசாரிங்க" என்றார் மேடம். ஒரு பையன் எழுந்து, "உங்க ஊர்ல காரம் ஜாஸ்தியா சாப்பிடுவீங்க இல்ல?" என்றான். மேடம் கையை உயர்த்தினார். "பதிலை நீயே அவர் வாயில திணிக்காத. நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்கன்னு கேளு." அவன் கேட்டான். கண்டக்டர் சங்கடத்தோடு, "தயிர் சாதம்ப்பா. எனக்கு அல்சர்" என்றார். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். ஆனால் ஆந்திரா என்றால் மிளகாய், கேரளா என்றால் தேங்காய் என்று இருபது வருடமாக நோட்ஸ் கொடுத்தவன் நான். உள்ளுக்குள் கொஞ்சம் குத்தியது.

அந்த வருடக் காலாண்டுத் தேர்வில், வடகிழக்கு மாநிலம் ஒன்றைப் பற்றி எழுதச் சொல்லியிருந்தேன். கலைவாணி என்ற பெண் இப்படி எழுதியிருந்தாள்: "அருணாசலப் பிரதேச மக்கள் தெலுங்கு பேசுவார்கள். பௌர்ணமிக்கு முதல் நாள் பஸ்ஸில் வருவார்கள். பெரியவர்களும் செருப்பில்லாமல் மலையைச் சுற்றுவார்கள். இளநீர் குடித்தால் வழுக்கையைக் கேட்டு வாங்குவார்கள்." அவள் அம்மாவுக்குக் கிரிவலப் பாதையில் இளநீர்க் கடை. தெலுங்குக்காரர்கள் நம் ஊரைத் திருவண்ணாமலை என்று சொல்வதில்லை, அருணாசலம் என்றுதான் சொல்வார்கள். அவர்கள் வந்த பஸ் கண்ணாடியிலும் அதே பெயர்தான். பெண் அருணாசலத்தையும் அருணாசலப் பிரதேசத்தையும் முடிச்சுப் போட்டுவிட்டாள். நான் அந்த விடையை வகுப்பில் உரக்கப் படித்துக்காட்டினேன். பிள்ளைகள் பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள். மறுநாளிலிருந்து கலைவாணி பள்ளிக்கு வரவில்லை. ஆள் அனுப்பிக் கேட்டதற்கு அவள் அம்மா, "படிச்சது போதும்ங்கறா சார். கடையில நிக்கிறேங்கறா" என்று சொல்லி அனுப்பினார்.

சனிக்கிழமை மேடம் வந்ததும், "கலைவாணி எங்க?" என்று கேட்டார். நான் நடந்ததைச் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. விடைத்தாளை வாங்கி இரண்டு முறை படித்தார்.

"இதுல எந்த வரி பொய், சார்?"

"எல்லாமே தப்பு மேடம்."

"தப்பு வேற, பொய் வேற. அந்தப் பொண்ணு கண்ணால பார்த்ததை எழுதியிருக்கு. மாநிலத்தோட பேரு ஒண்ணுதான் மாறிப்போச்சு."

"கோர்ட் வேற, ஸ்கூல் வேற மேடம்" என்று எகிறினேன்.

"ஆமா சார். கோர்ட்ல சாட்சியைப் பார்த்துச் சிரிச்சா ஜட்ஜ் கண்டிப்பாரு."

எனக்கு மூக்கு உடைந்தது. ஒரு பெண்ணின் படிப்பு என் வாயால் நின்றுபோகப் போகிறதே என்ற பயம் அப்போதுதான் வந்தது. அன்று மதியமே அவருடைய ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து கடைக்குப் போனேன். என்னைக் கண்டதும் கலைவாணி இளநீர்க் குலைகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். மேடம் "ஸ்கூலுக்கு வா" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "அடுத்த சனிக்கிழமை எனக்கு ஒரு சாட்சி வேணும். தெலுங்கு ஜனத்தோட தினமும் பழகற சாட்சி. உன்னை விட்டா எனக்கு யாரு இருக்கா?" என்றார். அவள் அம்மாதான் முதலில் பேசினார். "போடி. வக்கீலே வந்து கூப்பிடறாங்க, கெத்தா போ."

வந்தாள். தலை குனிந்தபடி சாட்சி இடத்தில் உட்கார்ந்தாள். "முதல் கேள்வி சார் கேப்பாரு" என்று மேடம் என்னை மாட்டிவிட்டார். நான் எழுந்து, "உன் பேப்பரைப் படிச்சுக் காட்டினது என் தப்பும்மா" என்றேன். "அது கேள்வி இல்லையே, சார்" என்றார் மேடம். பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், கலைவாணியும் சிரித்துவிட்டாள். பிறகு, "தெலுங்கு எப்படிக் கத்துக்கிட்ட?" என்று ஒழுங்காகக் கேட்டேன். "முதல்ல ஒண்ணும் புரியல சார். ஒரு அம்மா வந்து 'போண்டம் எந்த'ன்னாங்க. எந்த போண்டா கேக்கறாங்கன்னு நினைச்சு, பக்கத்து பஜ்ஜிக் கடைக்கு அனுப்பிட்டேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, போண்டம்னா இளநீ, எந்தன்னா எவ்ளோ." அதன் பிறகு ஒரு மணி நேரம் அவள்தான் பேசினாள். குண்டூர்க்காரர்கள் யார், கர்நூல்க்காரர்கள் யார் என்று பேச்சை வைத்தே சொல்வாளாம். எனக்குத் தெரியாதது அவளுக்கு அவ்வளவு தெரிந்திருந்தது. அவளை என் மாணவி என்று சொல்ல எனக்குப் பெருமையாக இருந்தது.

அதோடு மேடம் விடவில்லை. பாஷா மூலமாக, வேலூரில் நர்சிங் படிக்கும் பெண் ஒருத்தியைத் தேடிப்பிடித்து அழைத்து வந்தார். அசல் அருணாசலப் பிரதேசத்துப் பெண். விசாரணையைக் கலைவாணிதான் தொடங்கினாள்; பாஷா இந்தியில் மாற்றிச் சொன்னார். "அக்கா, இங்க ஜனங்க உங்களை என்ன கேக்கறாங்க?" என்றாள். "எந்த நாடுன்னு கேக்கறாங்க" என்றாள் அந்தப் பெண். கலைவாணி கொஞ்சம் யோசித்து, "எங்களுக்கு நீங்க எந்த ஊர்னு சொல்லுங்கக்கா" என்று வரைபடத்தை அவள் பக்கம் திருப்பினாள். நான் மேடத்தைப் பார்த்தேன். ஜெயித்த வழக்கில் கூட அவர் முகம் அப்படி மலர்ந்திருக்காது.

இறுதிச் சடங்கன்று அவர் வீட்டு வாசலில் அவரிடம் வழக்குக் கொடுத்த கட்சிக்காரர்கள், வக்கீல்கள், எங்கள் பழைய மாணவர்கள் என்று கூட்டம். கலைவாணி கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். அழுது முகம் வீங்கி என் பக்கத்தில் நின்றாள். "மேடத்தைப் பத்தி எழுதப் போறீங்களா சார்?" என்று கேட்டாள். எழுத வேண்டும், ஆனால் உன் விடைத்தாளைச் சொல்லாமல் எழுத முடியாதே என்றேன். "என் பேரைப் போட்டே எழுதுங்க. சிரிச்சா சிரிக்கட்டும் சார், அந்தப் பேப்பராலதான் எனக்கு அவங்க கிடைச்சாங்க" என்றாள்.

எனக்கு அவர் விட்டுப்போனது ஒரே ஒரு பழக்கம். தவறான விடையைக் கண்டால் இப்போதெல்லாம் நான் உடனே சுழிப்பதில்லை. பக்கத்தில் சிவப்பு மையால் "இதை எங்கே பார்த்தாய்?" என்று எழுதுகிறேன். பிள்ளைகள் பக்கம் பக்கமாகப் பதில் எழுதிக் கொண்டுவருகிறார்கள். ஒரு கட்டு தாள் திருத்த இரண்டு மடங்கு நேரமாகிறது. ஆகட்டும், படிக்கிறேன்.