பிச்சாவரத்தில் நான் இறக்கிய வெளிச்சம்

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டை விட்டு வெகு தூரம் நடந்துவிட்டேன். ஆனாலும் அந்தக் குரல் காதைவிட்டுப் போகவில்லை. டீக்கடை பெஞ்சில் ஒருவர் கைபேசியில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். பிச்சாவரம் காட்டுக்கு மேலே வட்டமாக ஒரு வெளிச்சம் இறங்கியதாம். அதைப் பார்த்த மீனவர் ஒருவருக்கு விடிவதற்குள் முடி நரைத்துவிட்டதாம். "நம்ம ஏரியா மேட்டரு" என்று பக்கத்திலிருந்தவரிடம் காட்டினார். உங்களிடம் சொல்வதற்கென்ன, அந்த வெளிச்சத்தை இறக்கியவன் நான்தான்.

எட்டாவதோடு படிப்பு நின்றது. ஓட்டலில் தட்டு கழுவினேன், லாரியில் மூட்டை ஏற்றினேன். எங்கும் ஆறு மாதம் தங்கியதில்லை. கடலூர் சிதம்பரம் பஸ்களில் புத்தகம் விற்றதுதான் நீண்ட உத்தியோகம். பறக்கும் தட்டு, கப்பலை விழுங்கும் கடல், மனிதன் குரங்கிலிருந்து வந்தானா இல்லை வேறு கிரகத்திலிருந்து வந்து இறங்கினானா, எல்லாம் முப்பத்திரண்டு பக்கத்துக்குள் அடங்கிவிடும். புது மையின் வாசனை நன்றாகத்தான் இருக்கும். காலையில் சாப்பிடாத வயிற்றுக்கு மட்டும் கொஞ்சம் குமட்டும். என் குரலுக்கு என்ஜின் சத்தமே அடங்கும். தூங்குகிறவர்கூட எழுந்து வாங்குவார்.

அமெரிக்காவில் இறங்கிய தட்டுக்குப் புதுச்சத்திரம் தாண்டினால் மதிப்பில்லை. அதனால் பிச்சாவரம் பக்கத்துக் குப்பத்துக்குக் கொண்டுவந்தேன். சாட்சிக்கு ஓர் ஆள் வேண்டுமே, கலியமூர்த்தி என்று பெயர் வைத்தேன். எங்கள் பக்கம் தெருவுக்கு நாலு கலியமூர்த்தி உண்டு. அந்தக் குப்பத்தில் ஒரே ஒருவர்தான் என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஒரு நாள் பி.முட்லூரில் மீன் கூடையோடு ஏறிய அம்மா ஒருவர், கதையை முடிக்கவிட்டுக் கேட்டார். "ஏன்யா, எங்க வூட்டுக்காரருக்கு முடி நரைச்சிப்போச்சின்னு நீதான் சொல்லிக்கினு திரியிறியா? அவருக்கு முடியே கெடையாதுய்யா."

பஸ்ஸே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "பொண்ணுக்குப் பேசி வச்ச எடம், கடலூர் முதுநகர்ல. அப்பங்காரன் வானத்தப் பாத்துப் பேதலிச்சவனாமேன்னு இப்ப யோசிக்கிறாங்க."

மாப்பிள்ளை வீட்டு விவரம் கேட்டுக்கொண்டேன். மறுநாள் ஒவ்வொரு பஸ்ஸாக ஏறி, அது பொய், நான் கட்டிய கதை என்று சொன்னேன்.

"மேலிடத்துல மெரட்டிட்டாங்க போல, பாவம்" என்றார் ஒரு பெரியவர், இரண்டு புத்தகம் வாங்கிக்கொண்டே.

"மச்சான், தெனமும் இப்படியே பேசு. இன்னிக்கித்தான் ஜாஸ்தி போவுது" என்றார் கண்டக்டர்.

கலியமூர்த்தியின் பெயர் முன்னைவிட வேகமாகப் பரவியது. மத்தியானம் புத்தகக் கட்டைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டு முதுநகரில் இறங்கினேன். மாப்பிள்ளையின் அப்பா அங்கே ஐஸ் கம்பெனியில் மேஸ்திரி. அது நான் கட்டிய கதை என்று அவரிடமும் சொன்னேன்.

"பொய்னா, அந்த ஆளு பேரு ஒனக்கு எப்படித் தெரியும்?" என்று மடக்கினார்.

பதிலுக்கு அவர் பெயரைக் கேட்டேன். நடேசன் என்றார். நின்ற இடத்திலேயே கதையை எடுத்துவிட்டு, வெளிச்சத்தை ஐஸ் கம்பெனியின் தகரக் கூரைமேல் இறக்கினேன். மேஸ்திரி நடேசன் ஐஸ் பாரைப் போட்டுவிட்டு ஓடிவருகிறார். உள்ளே இருந்த அத்தனை ஐஸும் ஒரே நொடியில் கொதிக்கிறது. அவர் மீசை அப்படியே வெளுத்துப்போகிறது.

அவர் கை தானாக மீசைக்குப் போயிற்று. வேலையாட்கள் கூரையை அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்தது.

"அடப்பாவி, எம்மாம் புளுவு புளுவுற. கலியமூர்த்தி வூட்டுக்கு ஆள் அனுப்புறேன், தேதி குறிக்கட்டும்."

பள்ளிக்கூடத்தில்கூட எனக்கு யாரும் சான்றிதழ் தந்ததில்லை. 'எம்மாம் புளுவு' என்ற அந்த ஒன்று போதும், இன்னும் மனசில் வைத்திருக்கிறேன்.

இப்போது பஸ்ஸில் புத்தகம் விற்க யாரும் ஏறுவதில்லை. அந்தத் தகரக் கூரையும் போய்விட்டது. வெளிச்சம் மட்டும் கைபேசிக்குக் கைபேசி இறங்கிக்கொண்டிருக்கிறது. ஆனால் டீக்கடையில் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். 'மீனவர் ஒருவர்' என்றுதான் அந்த வீடியோக் குரல் சொன்னது. கலியமூர்த்தி என்ற பெயர் வழியில் எங்கேயோ உதிர்ந்திருந்தது. எனக்கு அது போதும்.

அன்று ஐஸ் கம்பெனியிலிருந்து கிளம்பும்போது மேஸ்திரி, "இந்த வாய வச்சிக்கினு பஸ்ல ஏறாத. காலைல இங்க வா" என்றார். மறுநாள் காலை, கொக்கியும் கையுமாக ஐஸ் பார் இழுக்க நின்றேன். பாரின் எதிர்முனையைப் பிடித்தவர், முந்தின நாள் கூரையை அண்ணாந்து பார்த்தவர்களில் ஒருவர், குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"மாமா, கூரைல எந்தப் பக்கம் எறங்கிச்சி?"